மலைக்காட்டில் வழி தவறாமல் இருக்க எந்தக் கருவி வாங்கலாம்?

ஆம்பூர் ஊர்க்கோடியில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் மலைதான் தெரியும். தெற்கே ஜவ்வாது மலைத் தொடர். தென்மேற்கே ஏலகிரி. வடக்கே பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் காடுகள். அந்தக் காடுகள் அப்படியே ஆந்திர எல்லையைத் தாண்டிப் போகின்றன.

ஊருக்குள்ளே டேனரிகளும் ஷூ கம்பெனிகளும். வாரம் ஆறு நாளும் தோல் வாடையிலும் யந்திரச் சத்தத்திலும் இருப்பவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலை கை காட்டிக் கூப்பிடுவது போல இருக்கும்.

ஒரு காலத்தில் மலைக்குப் போகிற வசதிக்காரர்களின் தோளில் துப்பாக்கி இருந்தது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974), தென்னாட்டுக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடி அலைந்த அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதிப் புகழ் பெற்றார். அவருடைய முதல் புத்தகம் 1954-ல் வெளிவந்தது.

அந்த நாள் வேட்டைக்காரர்களுக்கு வழி காட்ட யந்திரம் எதுவும் கிடையாது. மலைவாசி ஒருவர் முன்னால் போவார். துப்பாக்கிக்காரர் பின்னால் போவார். அவ்வளவுதான்.

இன்று துப்பாக்கி போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கையில் ஒரு கருவி வந்திருக்கிறது. அதன் பெயர் ஜி.பி.எஸ். "நீ நிற்கும் இடம் இதுதான்" என்று அது சொல்லிவிடும்.

அதை வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கடையில் "முதல் தரம்" என்று விற்கப்படும் கருவி, ஜவ்வாது மலைக்கு உதவாமல் போகலாம். உதவாமல் போவது மட்டும் அல்ல, வாங்கியவரைப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடலாம்!

வானத்தில் சுற்றும் கடிகாரங்கள்

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது?

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது 24 கோள்கள் வேண்டும் என்பது திட்டம். ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது" என்று ஒவ்வொன்றும் இடைவிடாமல் ஒலிபரப்புகிறது.

கையில் இருக்கும் கருவி அதைக் கேட்கிறது. செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போடுகிறது. நாலு கோள்களின் செய்தி கிடைத்தால் போதும். நிற்கும் இடமும் உயரமும் தெரிந்துவிடும்.

கணக்கு மிகவும் நுட்பமானது. ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிசகினாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும்!

இது அமெரிக்க ராணுவத்துக்காக ஏற்பட்டது. முதல் கோள் 1978-ல் ஏவப்பட்டது. 1983-ல் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி ரஷ்ய எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பிறகே, பொதுமக்களும் இதை உபயோகிக்கலாம் என்று ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். ஆனாலும் பொதுமக்களுக்குக் கிடைத்த செய்தியில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. 2000-ம் ஆண்டு மே மாதம் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. இன்று திறந்த வெளியில் நின்றால் ஐந்து மீட்டர் அளவுக்குள் இடம் தெரிந்துவிடும்.

இந்தியாவும் சொந்தமாக "நாவிக்" என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அதன் முதல் கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. சில கோள்களின் அணுக் கடிகாரங்கள் பிறகு பழுதடைந்தன. 2025 ஜனவரியில் ஏவிய கோள், போக வேண்டிய பாதைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே கருவி வாங்குகிறவர்கள் நாவிக் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்க ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ என்று பல நாட்டுக் கோள்களின் செய்தியையும் வாங்கும் கருவியே நல்லது. மலை இடுக்கில் வானம் குறுகலாகத் தெரியும்போது, அதிகக் கோள்கள் இருந்தால் அவ்வளவுக்கு லாபம்.

வேட்டைக்காரர் கருவி

இந்தக் கருவிகளை விரும்பி வாங்குகிறவர்களில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் முக்கியமானவர்கள். அங்கே லைசென்ஸ் எடுத்து, குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மிருகங்களைச் சுடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே அவர்களுக்கென்று தனிக் கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றில் மூன்று விசேஷங்களைப் பெருமையாகச் சொல்லுவார்கள்.

முதலாவது, நில உரிமைப் படம். "இது யாருடைய நிலம்? இங்கே சுடலாமா?" என்பதை அந்தப் படம் காட்டும். அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில் 2009-ல் தொடங்கிய ஆன்எக்ஸ் என்ற கம்பெனி இதற்குப் பேர் போனது. அமெரிக்கக் காடுகளுக்கு இது அருமையான படம். ஆலங்காயம் காட்டில் வெறும் காகிதத்துக்குச் சமம்.

இரண்டாவது, நாய்ப் பட்டை. வேட்டை நாயின் கழுத்தில் கட்டிவிட்டால், நாய் எங்கே ஓடுகிறது என்று எஜமானின் கைக்கருவியில் தெரியும். இந்தப் பட்டை ரேடியோ ஒலிபரப்புக் கருவி. அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ரேடியோ அலை வேறு, இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது வேறு. நாயை விட்டு விலங்கை விரட்டுவதே இங்கே குற்றம் என்பது வேறு விஷயம்.

மூன்றாவதுதான் அபாயமானது. செயற்கைக் கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி. டெலிபோன் சிக்னலே இல்லாத நடுக்காட்டில் பொத்தானை அழுத்தினால், "ஆபத்து, காப்பாற்றுங்கள்" என்ற செய்தி உலகம் முழுவதும் போகும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அத்தகைய கருவியை வைத்திருக்கக் கூடாது. 2008 பம்பாய்த் தாக்குதலில் பயங்கரவாதிகள் செயற்கைக் கோள் டெலிபோனை உபயோகித்தார்கள். அதன் பிறகு கண்காணிப்புப் பலமாகிவிட்டது.

2024-ம் ஆண்டுக் கடைசியில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பெண் ஒருவரிடம் இத்தகைய கையடக்கக் கருவி இருந்தது. மலைப் பாதைகளில் ஓடுகிறவர்கள் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளும் கருவிதான் அது. தாமே வெளியே எடுத்துப் பரிசோதனைக்கு வைத்தார். கைதாகிக் கோர்ட்டு வரை போக வேண்டியதாயிற்று. சட்டம் தெரியாது என்று சொன்னது எடுபடவில்லை.

இந்த எச்சரிக்கை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு மிகவும் அவசியம். தோல் வியாபாரத்துக்காக மிலான் கண்காட்சிக்கும் ஹாங்காங்குக்கும் போய் வருகிறவர்கள் இங்கே ஏராளம். "மருமகன் மலை ஏறுகிறானே, ஒரு நல்ல கருவி வாங்கிப் போகலாம்" என்று அன்பாக நினைக்கும் மாமா, பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்கினால் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் வம்பு காத்திருக்கும்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "இது செய்தியை வாங்குமா, அனுப்புமா?" வாங்க மட்டும் செய்தால் சரி. செயற்கைக் கோளுக்கு அனுப்பவும் செய்தால், திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

சுட்டால் ஜெயில்

"வேட்டைக்குத்தான் கருவி வேண்டும்" என்று யாராவது நினைத்தால், அவர் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இந்நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் கிடையாது. துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். அவுட்டுக்காய் வைப்பதும் அதில் அடக்கம். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியானாலும் தனி ஆள் தன் இஷ்டத்துக்குச் சுட முடியாது.

அப்படியானால் இந்தக் கருவி இங்கே யாருக்கு? காட்டைக் காக்கிறவர்களுக்கும், அனுமதி பெற்றுக் காட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கும்தான்.

புலிகள் காப்பகங்களில் ரோந்து போகும் வனக்காவலர்கள் தாங்கள் நடந்த பாதையை ஜி.பி.எஸ்.ஸில் பதிவு செய்கிறார்கள். எங்கே கால் தடம் கண்டார்கள், எங்கே கண்ணி கண்டார்கள் என்பதும் அதில் ஏறுகிறது. 2010-ம் ஆண்டிலிருந்து இந்த முறை வழக்கத்தில் இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனமோ, காட்டுத் தீயைச் செயற்கைக் கோள் மூலம் கண்டுபிடித்து, தீ எரியும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செய்தியாக அனுப்புகிறது. அந்த எண்களைக் கருவியில் போட்டுக்கொண்டுதான் காவலர் தீயைத் தேடி நடக்கிறார்.

தீ என்றதும் குரங்கணி நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேறப் போன கூட்டம் காட்டுத் தீயில் சிக்கியது. 20-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். அதன் பிறகு சர்க்கார் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை வனத்துறையே தேர்ந்தெடுத்து, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் போட்டு, பதிவு செய்து போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அனுமதி இல்லாமல் ரிசர்வ் காட்டுக்குள் போவது குற்றம். எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

பார்க்க வேண்டிய நாலு விஷயங்கள்

சரி, எப்படிப்பட்ட கருவி வாங்கலாம்?

முதலில் பேட்டரி. கருவிக்குள்ளேயே அடைக்கப்பட்ட பேட்டரி நாள் கணக்கில் உழைக்கும். ஆனால் தீர்ந்துவிட்டால் மின்சாரம் வேண்டும். பெட்டிக் கடையில் கிடைக்கும் சாதாரண "டபுள் ஏ" பேட்டரி போடும் கருவி என்றால், பையில் இன்னொரு ஜோடி இருந்தால் போதும். கார்மின் கம்பெனியின் இ-டிரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் என்ற சிறு கருவிகள் இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது.

இரண்டாவது, பொத்தான். விரலால் தடவும் கண்ணாடித் திரை வீட்டில் வசதி. மழையில், வியர்வையில், சேறு படிந்த விரலில் அது சொன்னபடி கேட்காது. பழைய மாதிரிப் பொத்தான் வைத்த கருவி கேட்கும். "ஐ.பி.எக்ஸ். 7" என்று பெட்டியில் போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்று அர்த்தம்.

மூன்றாவது, திசைகாட்டி. இது பலருக்குத் தெரியாத சங்கதி. விலை குறைந்த கருவிகளில் காந்தத் திசைகாட்டி இருக்காது. நடக்கும்போது மட்டும்தான் அதன் அம்பு சரியாகத் திரும்பும். நின்றுவிட்டால் அம்பு ஏமாற்றும். வழி தவறியவன் முதலில் செய்வது என்ன? திகைத்து நிற்பதுதான்! மேலே சொன்ன இரண்டில் 22எக்ஸில் திசைகாட்டி கிடையாது, 32எக்ஸில் உண்டு. திசைகாட்டி இல்லாத கருவி வாங்கினால், கூடவே ஒரு சாதாரணக் காம்பஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலூர்ப் பக்கத்தில் காம்பஸ் முள் உண்மையான வடக்கிலிருந்து ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் விலகாது. ஆகவே திருத்தக் கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை.

நாலாவது, வந்த வழியே திரும்பக் காட்டும் வசதி. நடந்த பாதையைக் கருவி புள்ளி புள்ளியாகப் பதிவு செய்யும். திரும்பும்போது அதே கோட்டைக் காட்டும். இதை உபயோகிக்காமல் "புறப்பட்ட இடம் எங்கே?" என்று மட்டும் கேட்டால், கருவி நேர்க்கோட்டில் காட்டும். "300 மீட்டர்தான்" என்று திரை சொல்லும். நடுவிலே கிடக்கும் பள்ளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உண்ணிச் செடிப் புதருக்குள் நேர்க்கோட்டில் நுழைந்தவன் கரடிக்கு எதிரே போய் நிற்க நேரிடலாம்.

"செல்போனிலேயே இதெல்லாம் இருக்கிறதே?" என்று கேட்கலாம். உண்மைதான். டெலிபோன் சிக்னல் இல்லாவிட்டாலும் செல்போனில் ஜி.பி.எஸ். வேலை செய்யும். காட்டில் காணாமல் போவது இடம் அல்ல; படம்தான். ஆகவே புறப்படும் முன்பே வீட்டில் அந்தப் பகுதியின் படத்தைப் போனுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பகல் நேரம் ஏலகிரியில் ஏறி இறங்க இதுவே போதும். சிக்னல் தேடித் தேடியே போனின் பேட்டரி காலியாகும் என்பதால், "விமான" நிலையில் வைப்பது நல்லது. இரண்டு மூன்று நாள் காட்டில் தங்குகிறவர்களுக்கும், காட்டிலேயே உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கும்தான் தனிக் கருவி அவசியம்.

எந்தக் கருவியானாலும் மரங்களுக்குள் நுழையும் முன்பு திறந்த வெளியில் போட்டு, சில நிமிஷம் கோள்களைப் பிடிக்க விட வேண்டும். பஸ் நின்ற இடத்தையோ, வண்டி நிறுத்திய இடத்தையோ முதல் குறியாகப் பதிவு செய்ய வேண்டும். பாறைச் சுவர் ஓரத்தில் கோள்களின் செய்தி எதிரொலித்து வருவதால், பத்து இருபது மீட்டர் பிசகக் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

எண் சொல்லத் தெரியுமா?

கடைசியாக ஒன்று. எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். இதற்குக் காசு செலவு கிடையாது.

ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையத்தில், 1986-ல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இரவெல்லாம் வானத்தைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் போன ஓர் இளைஞன் வழி தவறிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வேளையாக ஒரு பாறை மேல் சிக்னல் கிடைக்கிறது. ஊருக்குப் போன் செய்கிறான்.

"அண்ணே, வழி தெரியலை. இருட்டப் போவுது!"

"பயப்படாதடா தம்பி. எங்க இருக்க? கையில கருவி இருக்குல்ல, அதுல என்ன காட்டுது?"

"பன்னிரண்டு, முப்பத்து நாலு புள்ளி ஆறு. எழுபத்தெட்டு, நாற்பத்தொன்பது புள்ளி ஆறு."

அண்ணன் அதைத் தன் செல்போனில் 12.346 என்றும் 78.496 என்றும் தட்டுகிறார். படத்தில் புள்ளி விழுகிறது. எங்கே? காவலூரில் அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கத்தில்! தம்பி நிற்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 44 கிலோமீட்டர் தள்ளி!

கருவி பொய் சொல்லவில்லை. தம்பியும் தப்பாகப் படிக்கவில்லை. அண்ணனும் சரியாகத்தான் தட்டினார். பிசகு வேறு இடத்தில். கைக்கருவி காட்டியது 12 டிகிரி, 34.6 நிமிஷம். ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம். செல்போனுக்கு அதைத் தசமமாகச் சொல்ல வேண்டும். 34.6-ஐ 60-ஆல் வகுத்தால் 0.577. ஆகவே 12.577 என்று தட்டியிருக்க வேண்டும். அது போலவே மற்றது 78.827.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. கருவியின் அமைப்பில் "தசம டிகிரி" என்று மாற்றி வைத்துவிடலாம். அல்லது எண் சொல்லும்போது "டிகிரி", "நிமிஷம்" என்ற வார்த்தைகளையும் சேர்த்தே சொல்லலாம். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் 112-க்குப் பேசும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். சொந்தக் கம்பெனியின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு கம்பெனியின் கோபுரம் இருந்தால் அவசர அழைப்புப் போகும்.

தேடி வருகிறவர்கள் வேறு மலைக்குப் போய்விட்டால், ஐந்து மீட்டர் துல்லியம் இருந்து என்ன பிரயோசனம்?

ஆகவே மலைக்குப் புறப்படுகிறவர் முதல் நாள் இரவே வீட்டு மொட்டை மாடியில் கருவியைப் போட்டுப் பார்க்கட்டும். தான் நிற்கும் இடத்தின் எண்ணைத் தம்பிக்கோ அண்ணனுக்கோ போனில் படித்துக் காட்டட்டும். அவர் தட்டிய புள்ளி சொந்தத் தெருவிலேயே விழுந்தால், மறுநாள் தைரியமாகக் கிளம்பலாம்.

போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மார்கழியில் மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வனத்துறை வழிகாட்டி "திரும்பலாம்" என்றால், திரையில் இன்னும் எத்தனை மீட்டர் மிச்சம் என்று பார்க்காமல் திரும்பிவிட வேண்டும். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவருக்குப் பள்ளமும் தெரியும், கரடி வரும் வழியும் தெரியும்.